சிறிய அரசுக் கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு: விண்ணப்பம் முதல் மாற்றுச் சான்றிதழ் வரை

என் தங்கையை எங்கள் வட்டத்திலுள்ள அரசு கலை, அறிவியல் கல்லூரியில் சேர்த்தபோது, தேவையான தகவல் எதுவும் ஓரிடத்தில் கிடைக்கவில்லை. பாதி விவரம் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும், மீதி இ-சேவை மையத்திலும், வங்கியிலும், முந்தைய ஆண்டு மாணவர்களின் நினைவிலுமாகச் சிதறிக் கிடந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற ஒருவர் அதே அலைச்சலை மீண்டும் படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இயங்கும் அரசுக் கல்லூரிகளையே இங்கே கருத்தில் கொண்டிருக்கிறேன். கட்டணமும் தேதியும் ஆண்டுதோறும் சற்று மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. கல்லூரி சொல்லும் சாதனைகளைச் சரிபாருங்கள்

எல்லாக் கல்லூரிகளும் தங்கள் வாயிலிலும் இணையதளத்திலும் சாதனைகளை எழுதி வைத்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் வழங்கும் தரமதிப்பீடு. நான்கு புள்ளிகளுக்கு 3.01 முதல் 3.25 வரை பெற்றால் ஏ தரம், 2.76 முதல் 3.00 வரை பெற்றால் பி பிளஸ் பிளஸ் தரம். இந்த மதிப்பீடு பொதுவாக ஐந்தாண்டுகளுக்கே செல்லும். ஆகவே, எழுத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அது எந்த ஆண்டில் வழங்கப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

அடுத்து, நாக் மதிப்பீட்டுக்காகக் கல்லூரி சமர்ப்பித்த சுயமதிப்பீட்டு அறிக்கையைத் தேடுங்கள். கல்லூரியின் இணையதளத்தில் உள்தர உறுதிப்பாட்டுப் பிரிவின் பக்கத்தில் அது இருக்க வேண்டும். அதன் ஐந்தாவது அளவுகோல் முழுவதும் மாணவர்களைப் பற்றியது: எத்தனை பேருக்கு உதவித்தொகை கிடைத்தது, எத்தனை பேர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனார்கள், விளையாட்டிலும் கலைப் போட்டிகளிலும் எத்தனை பரிசுகள் வந்தன என்பவை ஆண்டுவாரியாக அங்கே பட்டியலிடப்பட்டிருக்கும். பெருமையாகச் சொல்லப்படும் வெற்றிகள் அண்மையவையா, பத்தாண்டுகளுக்கு முந்தையவையா என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிக்கையில் கிடைக்காத ஒன்றை நேரில் கேட்டறிய வேண்டும். நீங்கள் சேர விரும்பும் துறையில் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியினர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்பதே அது. கௌரவ விரிவுரையாளர்கள் பலர் மிகச் சிறப்பாகக் கற்பிக்கிறார்கள். இருப்பினும், துறையில் ஆள் குறைவாக இருந்தால் ஆய்வக வகுப்புகள்தான் முதலில் பாதிக்கப்படும். அறிவியல் பாடம் எடுக்கிறவர்கள் இதைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

2. பயிற்றுமொழியையும் சுழற்சியையும் யோசித்து எடுங்கள்

ஒரே பாடம் தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் இருக்கும் கல்லூரிகளில், பலர் நண்பர்கள் எதை எடுத்தார்களோ அதையே எடுத்துவிடுகிறார்கள். இது மூன்றாண்டுப் படிப்போடு முடிந்துபோகும் முடிவாக இருப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பணிகளில் இதைக் கோர வேண்டுமானால், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை எல்லாவற்றையும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒருவர், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 (குரூப் 2) போன்ற தேர்வுகளை எழுதும் எண்ணத்தோடு இருந்துகொண்டு பட்டப்படிப்பில் மட்டும் ஆங்கிலவழிக்கு மாறினால், அந்த முன்னுரிமையை இழந்துவிடுவார். மென்பொருள் துறைக்கோ வெளிமாநில மேற்படிப்புக்கோ போக நினைப்பவர்களுக்கு ஆங்கிலவழி பொருத்தமாக இருக்கலாம். எதுவானாலும், விளைவைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

சில கல்லூரிகளில் காலை, பிற்பகல் என இரண்டு சுழற்சிகள் உண்டு. கிராமத்திலிருந்து வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், பிற்பகல் சுழற்சியை எடுக்கும் முன் மாலையில் ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

3. ஆவணங்களை ஏப்ரலிலேயே தயார் செய்யுங்கள்

கீழ்க்காணும் ஆவணங்கள் தேவைப்படும்:

– பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள்
– பள்ளி மாற்றுச் சான்றிதழ்
– சாதிச் சான்றிதழ்
– வருமானச் சான்றிதழ்
– ஆதார் அட்டை
– வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம்
– பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள்
– பள்ளியில் கொடுக்கப்பட்ட எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்)
– மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் வாரிசு, விளையாட்டு ஆகிய சிறப்புப் பிரிவினர்க்கு அதற்கான சான்றிதழ்

சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படிப்படியாக நகரும். மே, ஜூன் மாதங்களில் ஜமாபந்தி எனப்படும் வருவாய்க் கணக்குத் தணிக்கைப் பணிகளும், ஊர் முழுவதிலுமிருந்து வரும் மாணவர் விண்ணப்பங்களும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்வதால், ஏப்ரலில் ஒரு வாரத்தில் கிடைக்கும் சான்றிதழ் ஜூனில் எளிதாகத் தாமதமாகிவிடும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால் பழையதை நம்பி இருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட அதிகமாகச் சிக்கல் தருவது பெயர்ப் பொருத்தம். ஆதாரில் ‘எஸ். முத்துலட்சுமி’ என்றும் மதிப்பெண் சான்றிதழில் ‘முத்துலெட்சுமி எஸ்’ என்றும் இருந்தால், சேர்க்கையின்போது யாரும் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆனால் உதவித்தொகைக்குப் பதியும்போது கணினி ஏற்க மறுத்துவிடும். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நெடிய வேலை. ஆதாரை அதற்கேற்ப மாற்றுவது எளிது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, முடிவு வரும் முன்பே, ஆதார் மையத்துக்குப் போய் இதை முடித்துவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழின் அசலைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். கொடுப்பதற்கு முன்பு எல்லா அசல்களையும் தெளிவாக ஸ்கேன் செய்து, ஐந்தாறு நகல்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய வாரியத்தில் படித்தவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

4. விண்ணப்பிக்கும்போது

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கென டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற ஒரே சேர்க்கைத் தளம் உள்ளது. வழக்கமாக மே முதல் வாரத்தில், பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி விண்ணப்பம் தொடங்கும். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயுமாக இருந்தது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணமான 2 ரூபாயை மட்டும் செலுத்தினால் போதும். வீட்டில் கணினி இல்லாதவர்கள், கட்டணமாகப் பெருந்தொகை கேட்கும் தனியார் மையங்களுக்குப் போக வேண்டியதில்லை. அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையங்கள் அமைக்கப்படுகின்றன.

தனியார் மையத்தில் விண்ணப்பிக்க நேர்ந்தால், பதிவில் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலுமே இருக்கின்றனவா என்று திரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வேலையை விரைவாக முடிப்பதற்காகத் தங்கள் எண்ணைக் கொடுத்துவிடும் மையங்கள் உண்டு. அப்படி நடந்தால் கலந்தாய்வு அழைப்பு உங்களுக்கு வராது, கடவுச்சொல்லை மாற்றவும் முடியாது. விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் கைபேசியில் மட்டும் வைத்திராமல் தாளிலும் எழுதி வையுங்கள்.

ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளையும் பல பாடங்களையும் தேர்ந்தெடுக்கலாம். முதல் விருப்பத்தோடு நிறுத்திவிடாமல், உண்மையிலேயே படிக்க ஒப்புக்கொள்ளும் எல்லாப் பாடங்களையும் வரிசைப்படுத்திக் கொடுங்கள்.

5. தரவரிசையும் கலந்தாய்வும்

தரவரிசை தயாரிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் வீண் கலக்கம் இருக்காது. இளங்கலைத் தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் கணக்கில் எடுக்கப்படும். பிற பாடப்பிரிவுகளுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண், அதாவது 400க்குப் பெற்றது, பார்க்கப்படும். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தும் தமிழில் மிக நன்றாக எழுதிய ஒருவர் தமிழ்த்துறைத் தரவரிசையில் முன்னால் நிற்பது இதனால்தான்.

விண்ணப்பம் ஒன்றாக இருந்தாலும், தரவரிசைப் பட்டியலையும் கலந்தாய்வையும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே நடத்துகிறது. சிறப்புப் பிரிவினர்க்கு முதலிலும், பிறகு மற்றவர்களுக்குப் பாடவாரியாகவும் நாள் ஒதுக்கப்படும். இரண்டு கல்லூரிகளில் ஒரே நாளில் அழைப்பு வர வாய்ப்புண்டு. அப்போது உங்களுக்கு எங்கே தரவரிசை முன்னதாக உள்ளதோ, எங்கே இடங்கள் மிகுதியோ, அங்கே போவது அறிவுடைமை. பெற்றோரில் ஒருவர் உடன் செல்ல வேண்டும். அசல் சான்றிதழ்கள், நகல்கள், பணம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

இடங்கள் பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியலினத்தவர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்ற விழுக்காட்டில் நிரப்பப்படும். முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பொறியியல், வேளாண்மை, செவிலியர் படிப்புகளில் இடம் கிடைத்தவர்கள் விலகிக்கொண்டே இருப்பார்கள். காலியிடங்களுக்கு அடுத்தடுத்த சுற்றுகள் நடக்கும். அந்த நாள்களில் கல்லூரிக்கு நேரில் போய் விசாரிப்பதே பயன் தரும்.

அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தேர்வு, நூலகம், விளையாட்டு, ஆய்வகம் முதலியவற்றுக்கான கட்டணங்களே வாங்கப்படும். பாடத்தைப் பொறுத்து இது மாறும் என்றாலும், சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ரசீது இல்லாமல் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

6. உதவித்தொகை: வங்கிக் கணக்கில்தான் தடை வரும்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. மூன்றாண்டுப் படிப்புக்குக் கணக்கிட்டால் 36,000 ரூபாய் வரை வரும். வேறு உதவித்தொகை பெறுகிறவர்களும் இதைப் பெறலாம். இவற்றைத் தவிர, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகைகளும் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும், கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளமான யூமிஸில் கல்லூரி வழியாகப் பதிய வேண்டும். அதற்கென ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருப்பார். முதல் வாரத்திலேயே அவர் யார் என்று கேட்டறிந்து, எமிஸ் எண்ணையும் ஆதார் நகலையும் கொடுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கே காரணம். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு; அரசின் நேரடிப் பணப்பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருப்பது வேறு. வங்கிக் கிளையில் ‘ஆதார் சீடிங்’ என்று கேட்டால் அதற்கெனத் தனிப் படிவம் தருவார்கள். ஒருவருக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். பள்ளிக்காலத்தில் திறந்து பல ஆண்டுகளாகத் தொடப்படாத கணக்கு முடங்கியிருக்கலாம். அடையாள ஆவணங்களைக் கொடுத்து அதை மீண்டும் இயங்கச் செய்ய வேண்டும். தங்கை வகுப்பில் இப்படிக் காத்திருந்த ஒரு மாணவியின் பணம், தந்தையின் தொழிலுக்காக எப்போதோ அவள் பெயரில் திறந்த வேறொரு கணக்கில் மாதந்தோறும் சேர்ந்துகொண்டிருந்தது. ஆகவே, இணைப்புக்குப் பின் எந்த வங்கி இணைந்துள்ளது என்பதை ஆதார் இணையதளத்தில் சரிபாருங்கள்.

7. பேருந்து, விடுதி

அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் பயணம் இலவசம் என்பதால் பலர் அட்டைக்கு விண்ணப்பிப்பதே இல்லை. ஆனால் புறநகர்ப் பேருந்துகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஊரிலிருந்து நகரப் பேருந்து இல்லாத மாணவிகள் கட்டாயம் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேற்படாமலும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரமும் இருக்க வேண்டும். தூர நிபந்தனை மாணவிகளுக்கு இல்லை. உணவும் தங்குமிடமும் இலவசம். விண்ணப்பம் விடுதிக் காப்பாளரிடம் கிடைக்கும். கல்லூரி திறந்த உடனே இடங்கள் நிரம்பிவிடும்.

8. முதல் பருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கும். இளநிலையில் தேர்ச்சிக்கு 40. வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். சற்றே குறைந்தால் அபராதக் கட்டணத்தோடு அனுமதி கிடைக்கக்கூடும். மிகவும் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாது. வீட்டின் வறுமை காரணமாக வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் சிறு கல்லூரிகளில் நிறையப் பேர். அவர்கள் துறைத் தலைவரிடம் நிலைமையை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மாணவர் எண்ணிக்கை குறைவான கல்லூரியில் ஆசிரியர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்குமளவுக்கு அறிந்திருப்பார்கள். சொன்னால் வழி காட்டுவார்கள்.

முதல் பருவத்திலேயே அரியர் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவர்களைத்தான் பல்கலைக்கழகங்கள் தரவரிசைக்கு எடுத்துக்கொள்கின்றன.

பகடிவதை (ராகிங்) நடந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 1800-180-5522. கல்லூரியிலும் அதற்கெனக் குழு இருக்கிறது.

9. வகுப்பறைக்கு வெளியே

சிறிய கல்லூரியின் பெரும் நன்மை இங்கேதான் இருக்கிறது. பல ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் கபடி அணிக்கோ பேச்சுப் போட்டிக்கோ தேர்வாவது கடினம். சில நூறு பேர் படிக்கும் இடத்தில் ஆர்வத்தோடு முன்வருகிறவரை ஆசிரியர்களே அழைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்க் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநரின் அறைக்கு வெளியே ஒரு தாளில் விளையாட்டின் பெயர் மட்டும் எழுதி ஒட்டியிருப்பார்கள், கீழே பேனா கட்டித் தொங்கும். பெயர் எழுதினால் மறுநாள் காலை மைதானத்துக்கு வரச் சொல்வார்கள். அவ்வளவுதான் தேர்வுமுறை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். முதலாண்டிலேயே சேர்ந்தால்தான் மூன்றாமாண்டுத் தேர்வுச் சுமைக்கு முன் முடிக்க முடியும். தேசிய மாணவர் படையில் ‘பி’ சான்றிதழுக்கு இரண்டாண்டும் ‘சி’ சான்றிதழுக்கு மூன்றாண்டும் தேவை. முதலாண்டில் தவறவிட்டால் கல்லூரிக் காலத்துக்குள் ‘சி’ சான்றிதழ் கைக்கு வராது. அதை வைத்திருப்பவர்களுக்கு ராணுவ அதிகாரி பணிக்கான சிறப்பு நுழைவு வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவலர் தேர்விலும் இத்தகைய சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு.

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாள்களையொட்டி மாவட்ட அளவில் நடத்தும் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் 5000, 3000, 2000 ரூபாய் எனப் பரிசுகள் வழங்கப்படுகின்றன. முதல்வரின் பரிந்துரையோடு விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்புக்கும் போட்டிக்கும் இடையில் சில நாள்களே இருப்பதால் தமிழ்த்துறையில் முன்கூட்டியே பெயரைச் சொல்லி வையுங்கள். முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 2023, 2024ஆம் ஆண்டுகளில் மாநில அளவிலான தனிநபர் போட்டியில் முதலிடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. இணையவழிப் படிப்பில் விருப்பமுள்ளவர்கள் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தின் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு 1000 ரூபாய், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 500 ரூபாய்.

10. சான்றிதழ்களைப் பதிவாக்குங்கள்

போட்டிக்குப் போகும் முன் துறைத் தலைவரிடம் பணிநிமித்த விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் கல்லூரிக்காக ஆடிய நாளே வருகைப்பதிவில் குறைந்துபோகும். பரிசு பெற்றால் சான்றிதழின் நகலைத் துறையிலும் உள்தர உறுதிப்பாட்டுப் பிரிவிலும் கொடுத்துவிடுங்கள். கல்லூரியின் ஆண்டறிக்கையிலும் நாக் அறிக்கையிலும் அது சேரும், உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்குக் கல்லூரியின் தரமாக வந்து நிற்கும். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்கள், மத்திய அரசுப் பணியின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேவையான படிவம் 3ஐப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையில் அப்போதே கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பதிவேட்டைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

மூன்றாமாண்டு இறுதியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் அன்றே, தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் படிவத்தைக் கையோடு எடுத்துச் சென்று தமிழ்வழிச் சான்றிதழையும் முதல்வரிடம் கையொப்பமிட்டு வாங்கிவிடுங்கள். நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை, விடுதி ஆகியவற்றில் பாக்கி இல்லை என்ற கையொப்பங்கள் முடிந்த பிறகே அலுவலகம் கோப்பை எடுக்கும். ஆதலால் காலையிலேயே போய், நூலகப் புத்தகங்களை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு மற்ற இடங்களுக்குச் செல்லுங்கள்.